புட்டா, இலையா, சாயாவா, தட்டுக்கடையா? குமரியில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் போனில் எடுக்க

கடைவாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. அதன் கீழே ஒரு மேசை; மேசையில் வெள்ளைப் புட்டு, மஞ்சள் மட்டிப்பழம் (இந்தப் பக்கத்துச் சிறு வாழைப்பழம்), பொன்னிறப் பப்படம். கண்ணுக்கு எல்லாம் அதனதன் நிறத்தில்தான் தெரிகிறது. போனில் எடுத்துப் பார்த்தால் புட்டில் நீலம் போட்டுத் துவைத்தது போல இருக்கிறது, பழம் பச்சையடிக்கிறது, பப்படம் சாம்பலாகிவிட்டது. உடனே போன் சரியில்லை என்று அடுத்த மாடலின் விலையைத் தேடுகிறவர்கள் உண்டு. தார்ப்பாய் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் சிவப்பு மிகவும் குறைவு. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை எந்தப் போனும் முழுசாகக் கொண்டுவர முடியாது. அதே தட்டை மூன்றடி தள்ளி, தார்ப்பாய் முடிகிற விளிம்புக்கு அப்பால் வைத்தால் நாலு வருஷப் பழைய போன் போதும்.

குமரி மாவட்டத்துச் சாப்பாட்டைப் படம் எடுக்க வருகிறவருக்கும், ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்குகிறவருக்கும் நாலு வழி இருக்கிறது. காலைப் புட்டுக்கடை, மதிய இலைச் சாப்பாடு, சாயங்காலச் சாயாக்கடை, இரவில் தெருவோரத் தட்டுக்கடை. நாலிலும் ருசி குறைவில்லை. வெளிச்சம்தான் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் காலைப் புட்டுக்கடைக்குப் போங்கள். அது தவறினால் சாயங்காலச் சாயாக்கடை. மதிய இலை இந்த மண்ணின் மிகச் சிறந்த சாப்பாடு, ஆனால் போனுக்கு மிகக் கடினமானது. தட்டுக்கடை, சாப்பாட்டைவிட அதைச் செய்கிற கைகளை எடுக்க ஆசைப்படுகிறவருக்கானது.

காலை: புட்டுக்கடை

அடுப்பு விடியுமுன்னே பற்றிவிடும், படத்துக்கான நேரம் அதற்குப் பிறகு. இங்கே சூரியன் ஜனவரியில் 6.35-ஐ ஒட்டி எழுகிறது, ஜூனில் 6 மணியை ஒட்டி. எழுந்து அரை மணி விட்டு, அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையை ஒட்டிய ஊர்களில் வெயில் தரைக்கு இறங்கக் கொஞ்சம் தாமதமாகும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடையைத் தேர்வு செய்யும்போது ருசியோடு சேர்த்து அது பார்த்திருக்கும் திசையையும் கவனியுங்கள். கிழக்கு பார்த்த கடையில் காலை வெயில் நேரே மேசையில் வந்து விழும். புட்டின் வெள்ளை எரிந்து, பொடியின் நயம் தெரியாமல் ஒரு வெள்ளைக் கட்டியாகிவிடும். மேற்கு பார்த்த கடையில் அதே நேரம் வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வரும். காலையில் மேற்கு பார்த்த கடை, சாயங்காலம் கிழக்கு பார்த்த கடை: இந்த ஒன்றை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வடக்கு பார்த்த ஜன்னலில் வெயிலே படாது என்று வெளிநாட்டுக் காணொளிகள் சொல்வதை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு வாசலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

உட்கார வேண்டியது முதல் வரிசை மேசையில், வாசல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி. வாசலுக்கு முதுகு காட்டினால் உங்கள் நிழலே தட்டில் விழும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் பின்னால் தெரு வெளுத்து, சாப்பாடு இருண்டுபோகும். பக்கவாட்டில் வரும் வெளிச்சம்தான் புட்டின் பொடியையும் பப்படத்தின் கொப்புளத்தையும் எழுப்பிக் காட்டும். பழைய ஓட்டுக்கூரைக் கடைகளில் நிரைப்பலகையை மொத்தமாகக் கழற்றி வைப்பதால் வாசல் ஒரு பெரிய ஜன்னல் போல வேலை செய்கிறது. ஷட்டர் போட்ட புதுக்கடைகளைவிட இவை படத்துக்கு எவ்வளவோ மேல். தலைக்கு மேல் குழல்விளக்கு எரிந்தால் அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். விளக்கின் வெளிச்சமும் வானத்து வெளிச்சமும் ஒரே தட்டில் கலந்தால் ஒரு பாதி மஞ்சளும் மறு பாதி நீலமுமாக வரும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

புட்டு குழலைவிட்டு வெளியே வரும் தருணத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குழலைச் சரித்து, பின்னாலிருந்து கம்பியால் தள்ளுகிறார்கள். முதலில் தேங்காய்ப்பூ அடுக்கு வெளியே தெரிகிறது, பிறகு மாவு, மறுபடி தேங்காய். தட்டில் விழுந்ததும் அடுக்குகளின் இடையில் ஒரு கீறல் விழுந்து அங்கிருந்துதான் ஆவி அடர்த்தியாக எழும்புகிறது. அந்த ஆவி நன்றாகத் தெரிவது முதல் அரை நிமிஷம்தான். இரண்டு நிமிஷத்தில் ஒன்றுமில்லை. ஆகவே போனைத் தயாராக வைத்துக்கொண்டுதான் புட்டைச் சொல்ல வேண்டும். மேசையில் புட்டு வரப்போகிற இடத்தில் தண்ணீர் தம்ளரை வைத்து, திரையில் அதன்மேல் தொட்டு அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். தட்டு வந்ததும் தம்ளரை நகர்த்திவிட்டு எடுக்க வேண்டியதுதான்.

ஆவி படத்தில் விழ வேண்டுமென்றால் அதன் பின்னால் இருட்டு வேண்டும். கடையின் உட்பகுதி, அடுப்படி, கறுத்த மரக்கதவு இவற்றில் ஏதாவது பின்னணியாக வரும்படி போனைப் புட்டின் உயரத்துக்கே இறக்கிப் பிடியுங்கள். புட்டு உயரமான பண்டம். மேலிருந்து எடுத்தால் அது வெறும் வட்டம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைச் சாப்பாடு என்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது பாதிதான் சரி. வெள்ளைத் தட்டு, வெள்ளை மேசை, வெள்ளைப் புட்டு என்று படம் முழுக்க வெளுப்பாக இருந்தால் போன் பயந்துபோய் எல்லாவற்றையும் சாம்பலாக்கும். அப்போது திரையில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்து 0.3 முதல் 0.7 வரை கூட்ட வேண்டும். பின்னணி இருட்டாக இருந்தால் நேர்மாறு: போன் இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்துப் புட்டை எரித்துவிடும், அப்போது அதே அளவு குறைக்க வேண்டும். புட்டின் நிறத்தோடு பின்னணியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சம்பா அரிசிப் புட்டு என்றால் இந்தச் சிக்கலே பெரிதாக இல்லை. அதன் மங்கிய சிவப்பில் வெள்ளைத் தேங்காய் தானாகப் பிரிந்து தெரியும். முதன்முதலாக எடுத்துப் பழகுகிறவர் சம்பாப் புட்டையே சொல்லலாம்.

எவர்சில்வர் தட்டில் உங்கள் சட்டை, தார்ப்பாய், எதிர்க்கடையின் போர்டு எல்லாம் தெரியும். தட்டில் ஓர் இலைத்துண்டு போட்டுத் தரச் சொன்னால் அந்தத் தொல்லை போய்விடும். பல கடைகளில் சொல்லாமலே போடுவார்கள். பயறைப் புட்டின்மேல் கொட்டாமல் பக்கத்தில் வாங்குங்கள். பப்படத்தைப் பயறில் படாமல் புட்டில் சாய்த்து வையுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது தானாகவே சில நிமிஷத்தில் தளர்ந்துவிடும், பயறின் ஈரம் பட்டால் அப்போதே தொங்கிவிடும். மட்டிப்பழத்தை உரிக்காமல் ஒன்று, பாதி உரித்து ஒன்று என்று வைத்தால் போதும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது; சிறுத்து, லேசாக வளைந்து, நுனி நீண்டிருப்பதுதான் அதன் அடையாளம். அந்த நுனி படத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டுப்பட்டால் அது வேறு ஏதோ பழம்.

மதியம்: இலைச் சாப்பாடு

நாஞ்சில் நாட்டு இலையில் இருக்கும் நிற வரிசை வேறெந்த வேளையிலும் கிடையாது. அவியலின் வெளிர் மஞ்சள், எரிசேரியின் பொன்னிறம், துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), பச்சடி, இஞ்சிக்கறி, ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை உப்பேரி, ஓரத்தில் கறுத்த உள்ளித்தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு). தீயலுக்கு அந்த நிறம் வருவது தேங்காயை நன்றாகச் சிவந்து கருகும் தறுவாய் வரை வறுத்து அரைப்பதால். சிக்கலும் இந்தச் செழுமையிலிருந்தே வருகிறது. சோற்றின் வெள்ளையும் தீயலின் கறுப்பும் ஒரே படத்தில் வரும்போது சோற்றைக் காப்பாற்றினால் தீயல் தார்க்கட்டி, தீயலைக் காப்பாற்றினால் சோறு வெறும் வெளிச்சம். ஆகவே சோறு விழுவதற்கு முன்பே முதல் படத்தை எடுத்துவிட வேண்டும்: தொடுகறி எல்லாம் வைத்தாகிவிட்டது, இலையின் நடு காலியாகப் பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சைதான் இந்தப் படத்தின் அழகே. சோறும் பருப்பும் வந்த பிறகு இரண்டாவது படம். சாம்பார் ஊற்றிவிட்டால் போனை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடலாம், அதற்குமேல் எடுப்பதில் ஒன்றும் இல்லை.

கல்யாணப் பந்தியில் கடைசித் தொடுகறிக்கும் சோற்றுக்கும் இடையே கிடைப்பது ஒரு நிமிஷம் போல. சோற்று வாளியோடு வருகிறவரை நிற்கச் சொல்லக் கூடாது. அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் இருபது இலை காத்திருக்கும்.

இலைக்கு மேலிருந்து எடுக்கும் கோணம்தான் சரி. அளவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: இரண்டடி நீள இலை முழுசும் அடங்க, சாதாரண 1எக்ஸ் லென்ஸில் போன் சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் ஓரத்துக் கிண்ணங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும். எழுந்து நின்று 2எக்ஸில் (இரண்டு மடங்கு ஜூமில்) 90 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் இலை நேராக இருக்கும். போன் இலைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கேமரா அமைப்புகளில் கட்டக்கோடுகளையும் (கிரிட்) மட்டக்குறியையும் (லெவல்) இயக்கிவிட்டால் பல போன்களில் நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியதும் எடுக்கலாம்.

இலையை உண்பவர் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் நுனி இலை வலப்பக்கம் வந்துவிடும். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இங்குள்ளவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பிசகுதான். இலை மாறிப் போட்டிருக்கிறதே என்பார்கள்.

என்னவெல்லாம் கெடும்? தலைக்கு நேர்மேலே விளக்கு இருந்தால் போனின் நிழல் இலையின் நடுவில் விழும்; அரையடி ஒதுங்கி நின்று 2எக்ஸில் எடுத்தால் நிழல் இலைக்கு வெளியே போகும். தெளித்த தண்ணீர் துடைக்காமல் நின்றால் குழல்விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக இலையில் பளிச்சிடும், உள்ளங்கையால் ஒருமுறை வழித்துவிட வேண்டும். சிவப்பு மஞ்சள் துணிப் பந்தல் என்றால் நீலத் தார்ப்பாயின் கதையேதான், நிறம் மட்டும் வேறு. பந்தலின் ஓரத்து இலையைப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எரியும். அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ முறையில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் நிறுத்தினால் பட்டை மறைந்துவிடும்.

இத்தனை இடைஞ்சலுக்குப் பிறகும் ஓர் இலைப்படம் ஒழுங்காக அமைந்துவிட்டால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அது இரண்டாம் மூன்றாம் முயற்சியில் கிடைக்கிற படம். ஒரே வாய்ப்பை அதில் போய் வைக்க வேண்டாம்.

சாயங்காலம்: சாயாக்கடை

நாலரை மணியிலிருந்து சூரியன் மறைகிற வரை. மறைவது நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன், ஜூலையில் 6.40-ஐ ஒட்டி. தென்மேற்குப் பருவ மாதங்களில் மேகம் மூடியிருந்தால் கவலைப்படத் தேவையில்லை. மேகம் வெளிச்சத்தை விரித்துக் கொடுக்கும், பஜ்ஜியின் எண்ணெய் மினுக்கம் கண்ணைக் குத்தாது.

காலைக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுப்பது கண்ணாடித் தம்ளருக்காக. சாயாவைக் கண்ணாடியில் ஊற்றித் தரும் பழக்கம் இருக்கும்வரை படம் எடுக்கிறவருக்குக் குறைவில்லை. இங்கே மட்டும் காலையில் சொன்ன திசைக் கணக்கை மாற்றிப் போடுங்கள். மேற்கு பார்த்த கடையில், சாயும் வெயிலுக்கும் போனுக்கும் நடுவே தம்ளர் நிற்க வேண்டும். வெயில் சாயாவைத் துளைத்துக்கொண்டு வரும். நுரைக்குக் கீழே அடர்ந்த செம்பழுப்பு, அடியில் அதைவிட ஆழமான நிறம். சாயாவின்மேல் தொட்டு அழுத்தி ஒளியைப் பூட்டிவிட்டு 0.7 வரை குறையுங்கள். குறைக்காவிட்டால் நிறம் வெளிறித் தண்ணிச் சாயா போலத் தோன்றும். கட்டஞ்சாயாவுக்கு இந்தக் கோணம் இன்னும் பொருந்தும், பால் இல்லாததால் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போகும். நுரை அடங்கச் சிறிது நேரமே ஆகும், முதல் மிடறுக்கு முன் முடித்துவிடுங்கள்.

சாயா ஆற்றுகிறவரை எடுக்க விரும்பினால் எப்படி வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். துளிகள் தனித்தனியாக உறைந்து நிற்க ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகம், அது வாசல் வெளிச்சத்தில்தான் நடக்கும். பட்டுநூல் போல ஒரே இழையாக வர 1/60 போதும், கடைக்குள்ளேயும் எடுக்கலாம், ஆனால் கை அசையக் கூடாது. ப்ரோ முறை இல்லாத போனில் ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தோ இழுத்தோ தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

ஏத்தம்பழ பஜ்ஜி எண்ணெயிலிருந்து எடுத்த முதல் இரண்டு நிமிஷம் மினுங்கும், பிறகு மேல்மாவு சோர்ந்து சுருங்கும். தாளில் வைத்தால் எண்ணெய் வட்டம் படரும் என்பதால் இலைத்துண்டில் வாங்குங்கள். ஒன்றைக் குறுக்கே பிட்டு வைத்தால் பழத்தின் மஞ்சள் வெளியே தெரிந்து, பார்க்கிறவருக்கு அது என்னவென்று புரியும். முழுசாக வைத்தால் ஏதோ ஒரு பஜ்ஜிதான். ரசவடையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது, ஆனால் படத்துக்கு அது பிடிகொடுப்பதில்லை. ஊறிய வடைக்கு மொறுமொறுப்பின் கோடுகள் போய்விடுகின்றன, பழுப்பு ரசத்தில் பழுப்பு வடை. ரசம் ஊற்றுகிற நேரத்தில் எடுத்தால் ஓரளவு உயிர் இருக்கும்.

சிப்ஸ் போடுகிற கடை பக்கத்தில் இருந்தால் அங்கே கால் மணி நேரம் செலவிடலாம். ஏத்தங்காயை எண்ணெய்க்கு மேலேயே சீவித் தள்ளுவார்கள். பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் பட்டவுடன் சட்டி முழுக்க நுரை பொங்கும், அதுதான் படம். ஆனால் அதே நேரத்தில்தான் எண்ணெயும் தெறிக்கும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று 2எக்ஸில் எடுங்கள். எடுத்து முடிந்ததும் லென்ஸைத் துடையுங்கள், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். அடுத்த படத்தில் விளக்குகளிலிருந்து நீளக் கோடுகள் இழுத்தால் காரணம் அதுதான்.

இரவு: தட்டுக்கடை

புரோட்டாவும் பொரித்த கோழியும், மார்த்தாண்டம் பக்கம் பீஃபும். இரவில் போன் தானாகவே நைட் மோடுக்குப் போய்விடும். ஒன்று முதல் மூன்று நொடி வரை பல படங்களை எடுத்து ஒன்றாக்கும். அசையாத தட்டுக்கு அது நல்லது, மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் போதும். மாவை வீசி அடிக்கிறவரையும் கொத்துப் புரோட்டாக் கரண்டியையும் அது ஆவியாக்கிவிடும், அங்கே அதை அணைத்துவிட வேண்டும். கல்லுக்கு மேலே தொங்கும் ஒற்றை விளக்குக்கு நேர்கீழே கை வரும்போது எடுப்பதுதான் தந்திரம். மற்ற இடமெல்லாம் இருட்டாகவே இருக்கட்டும், இரவு இரவாகத் தெரிவதில் தவறில்லை. புரோட்டாவை அடுக்காகப் பக்கத்திலிருந்து எடுங்கள். கையால் தட்டி உதிர்த்த புரோட்டாவில் இதழ்கள் பிரிந்து நிழல் விழும். சால்னா ஆறினால் மேலே ஏடு கட்டும், அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஃபிளாஷ் போடாதீர்கள். எண்ணெய் உள்ள எல்லாமே பிளாஸ்டிக் போலத் தெரியும்.

இரவில் ஒன்றே ஒன்றுக்காகப் போகலாம் என்றால் அது கிழங்கும் மீன்கறியும். அந்தக் கிழங்கான மரச்சீனியை (மரவள்ளியை) இந்தப் பக்கம் ஏழைகளின் அடுப்புவரை பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1949 வரை நாமும் அந்தச் சமஸ்தானத்தின் மண்தான்; அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். அவித்த கிழங்கு வெள்ளையாக, வடிவமில்லாமல் கிடக்கும். மீன்கறி சிவந்து மேலே எண்ணெய் மிதக்க நிற்கும். கறியைக் கிழங்கின்மேல் ஊற்றிவிட்டால் இரண்டும் குழம்பிப் படம் போய்விடும். தனிக் கிண்ணத்தில் கறி வாங்கி, கிழங்கின் உடைந்த முகம் விளக்கைப் பார்க்கும்படி திருப்பி, ஓரத்தில் காந்தாரி மிளகுச் சம்மந்தி (சின்ன மிளகாய்த் துவையல்) கொஞ்சம் வைத்து எடுங்கள். சாளையோ அயிலையோ, கறியில் மீன் துண்டின் தோல் மேலே தெரியட்டும். தோலின் வெள்ளி மினுக்கம்தான் அது மீன்கறி என்று சொல்லும்.

பகலிலேயே மீனும் பழமும் போதும், சமைத்தது வேண்டாம் என்றால் சந்தைக்குப் போய்விடலாம். வடசேரியிலும் கோட்டாறிலும் குலை குலையாகத் தொங்கும் பழங்களுக்கு நிழல் வெளிச்சமே சரி. குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் மீனுக்கு மேகமூட்டம் வேண்டும். நேர்வெயிலில் செதில்கள் கண்ணாடித் துண்டுகளாக வெளுக்கும். கடற்கரையில் லென்ஸில் உப்பு படியும். அதை வேட்டி நுனியால் தேய்க்காமல் முதலில் ஊதி, பிறகு மூக்குக்கண்ணாடித் துணியால் துடையுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் மூடுபனி போலப் படர்ந்தால் ஐந்து நிமிஷம் பொறுத்தால் தானாகப் போய்விடும்.

எந்த லென்ஸ்?

நாலு வேளைக்கும் பொதுவான கேள்வி இது. பதில் பெரும்பாலும் 2எக்ஸ்தான், ஓர் அடி பின்னால் நகர்ந்து. 1எக்ஸ் அகலமான லென்ஸ். கிட்டே கொண்டுபோனால் முன்னால் இருக்கும் புட்டு பெருத்து, பின்னால் இருக்கும் கிண்ணம் சுருங்கிவிடும். 48, 50 மெகாபிக்சல் சென்சார் உள்ள போன்களில் 2எக்ஸ் என்பது நடுப்பகுதியை மட்டும் எடுப்பது, தரம் பெரிதாகக் குறையாது. 12 மெகாபிக்சல் பழைய போனில் 2எக்ஸ் எடுத்தால் மிஞ்சுவது சுமார் 3 மெகாபிக்சல். வாட்ஸப்பில் பார்க்க அதுவே தாராளம். ஆனால் இருட்டில் வேண்டாம், புள்ளி புள்ளியாகிவிடும்.

மிகவும் கிட்டே போனால் சில போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவும். திரையில் ஒரு பூக்குறி தோன்றும். நிறம் சட்டென்று மங்கினால் அந்தக் குறியை அணைத்துவிட்டு இரண்டு சாண் பின்னால் போங்கள். போர்ட்ரெய்ட் முறை பண்டத்துக்கு நம்பத்தக்கதல்ல. ஆவியின் விளிம்பு, தம்ளரின் கண்ணாடி ஓரம், பப்படத்தின் ஓட்டை, கறிவேப்பிலை நுனி இவற்றையெல்லாம் பின்னணி என்று நினைத்துக் கரைத்துவிடும். ஆளை எடுக்க அது இருக்கட்டும்.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்: “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டா?” பெரும்பாலும் “எடுத்துக்கோ மக்களே” என்றுதான் வரும். சாப்பிடுகிற மற்றவர்கள் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை அவருக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் ஹெச்டி குறியைத் தொட்டு அனுப்பினால் அதிகம் சுருங்காது. டாகுமெண்ட்டாக அனுப்பினால் சுருங்கவே செய்யாது. கடையில் மாட்ட ஒரு பிரின்ட் கேட்டால் 6க்கு 4 அங்குலத்துக்கு 1800க்கு 1200 பிக்சல் போதும், 2எக்ஸில் எடுத்த பழைய போன் படம்கூடத் தாங்கும். லாமினேட் செய்து கொடுங்கள். புட்டு அடுப்பின் ஆவியில் வெறும் தாள் ஒரு வாரத்தில் நெளிந்துவிடும்.